கதவுகள் இருக்கின்றன, கூட்டிக்கொண்டு போகத்தான் ஆள் இல்லை



இரத்மலானை, அத்திடிய, கல்கிசை, தெஹிவளைப் பக்கம் இருக்கும் எங்கள் சகோதர சகோதரிகளுக்காக இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவுதான். வீட்டில் விசேட தேவையுடைய பிள்ளை இருப்பவர்கள் கடைசிவரை வாசியுங்கள். அப்படி ஒரு பிள்ளை இல்லாதவர்களும் வாசியுங்கள், ஏனென்றால் முடிவில் நாங்கள் ஒன்றைக் கேட்கப்போவது உங்களிடம்தான்.

ஒவ்வொரு வருடமும் தரம் 1 அனுமதிக் காலத்தில் ஆசிரியர்களாகிய எங்களிடம் சில பெற்றோர் ஒரு கேள்வியோடு வருவார்கள். மற்றவர்கள் எல்லாம் போன பிறகுதான் கேட்பார்கள். "சேர், இவன் இன்னும் பேசல்ல. எங்க கொண்டு போறது?" "டீச்சர், கூப்பிட்டா திரும்பிப் பாக்கிறா இல்ல. யாருக்கிட்டக் காட்டுறது?" பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது. இரண்டு வயதிலேயே அந்தத் தாயின் மனதில் இந்தக் கேள்வி வந்திருக்கும். பலரிடம் கேட்டும் இருப்பார். கிடைத்த பதில்கள் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: "அவன்ட வாப்பாவும் நாலு வயசிலதான் வாய் தொறந்தார்." "ஆம்புளப் புள்ள சுணங்கித்தான் பேசும்." "ஓதிப் பாத்துத் தண்ணி குடுங்க, சரியாகும்."

ஓதிப் பார்ப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. துஆ எங்கள் ஈமானோடு சேர்ந்தது. ஆனால் துஆ கேட்ட கையோடு கிளினிக்குக்கும் போகலாம். ஒன்று மற்றதைத் தடுப்பதில்லை.

இரத்மலானை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று விமான நிலையம். மற்றது செவிப்புலன், விழிப்புலன் அற்றோருக்கான பாடசாலை. மேரி சாப்மன் என்ற ஆங்கில மிஷனரிப் பெண்மணி 1912இல் தொடங்கிய பாடசாலை அது. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பெற்றோர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேடி வந்த ஊர் இது. நூறு வருடத்துக்கு மேலாகக் காலி வீதியில் அந்தப் பாடசாலை இருக்கிறது. அதே ஊரில், சில தெரு தள்ளி இருக்கும் எங்கள் குடும்பம் ஒன்றுக்கு, பிள்ளையின் காதை எங்கே சோதிப்பது என்று தெரியவில்லை. இதை எப்படி விளங்கிக்கொள்வது?

மொழி ஒரு காரணம். தமிழ் பேசும் பிள்ளைகளுக்காக 1956இல் யாழ்ப்பாணம் கைதடியில் நவீல்ட் பாடசாலை தொடங்கப்பட்டது. அது பெரிய சேவை, அல்லாஹ்வின் அருள். ஆனால் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கைதடி ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஐந்து வயதுப் பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு வர எத்தனை உம்மாமாருக்கு மனம் வரும்? கிட்ட இருப்பதைப் பார்த்தால் அங்கே புழங்குவது பெரும்பாலும் சிங்களம். தமிழில் படிப்பதென்றால் தூரம் போக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் பல பிள்ளைகள் எங்கும் போகாமல் வீட்டிலேயே நின்றுவிடுகிறார்கள்.

இது ஒன்றிரண்டு வீட்டுக் கதை இல்லை. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 வீதமானோருக்கு, அதாவது 16 இலட்சம் பேருக்கு, பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில், நினைவில் வைப்பதில், தம்மைப் பராமரிப்பதில் அல்லது பேசுவதில் ஏதாவது ஒரு கஷ்டம் இருக்கிறது. ஓட்டிசம் பற்றி இலங்கையில் பேராசிரியை ஹேமமாலி பெரேராவின் குழு ஆய்வு செய்து 2009இல் வெளியிட்டது. ஒன்றரை முதல் இரண்டு வயது வரையான பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு அதில் வந்தது. அந்தக் கணக்கை 900 பிள்ளைகள் படிக்கும் ஒரு பாடசாலைக்குப் பொருத்திப் பாருங்கள். ஒன்பது, பத்துப் பிள்ளைகள் வரும். எங்கள் வகுப்புகளில் அத்தனை பேரைக் காணவில்லை என்றால், மீதிப்பேர் எங்கே?

"இலங்கையில ஒண்டும் இல்ல, எல்லாம் வெளிநாட்டிலதான்" என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. இருக்கிறது. ஆனால் ஒரே இடத்தில் இல்லை. சுகாதாரம் ஒரு பக்கம், கல்வி இன்னொரு பக்கம், சமூக சேவை வேறொரு பக்கம். ஒரு கந்தோருக்குப் போனால் அங்கே உள்ளவருக்கு அடுத்த கந்தோரில் என்ன கிடைக்கும் என்று தெரியாது. எங்களுக்குத் தெரிந்த ஒரு தாய் ஒரே மாதத்தில் நான்கு இடம் ஏறி இறங்கினார். நான்கு இடத்திலும் கதையை முதலிலிருந்து சொன்னார். ஐந்தாவது இடத்துக்குப் போகவில்லை. அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆகவே முதலில் வழியைச் சொல்லி விடுகிறோம். இதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, உங்கள் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர், நாங்கள் மிட்வைஃப் என்று சொல்பவர். பிள்ளை பிறந்ததும் தந்த பிள்ளை சுகாதார வளர்ச்சிப் பதிவேடு எல்லோர் வீட்டிலும் இருக்கும். ஊசி போட்ட திகதியையும் நிறையையும் மட்டும் பார்த்துவிட்டு அலுமாரியில் வைத்துவிடுவோம். எந்த மாதத்தில் பிள்ளை சிரிக்க வேண்டும், தலை நிமிர வேண்டும், சத்தத்துக்குத் திரும்ப வேண்டும், சொல் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதில் ஒன்று பிந்தினால் அடுத்த கிளினிக் நாளிலேயே மிட்வைஃபிடம் சொல்லுங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரியிடம், அதாவது எம்.ஓ.எச். கந்தோருக்கு, அனுப்புவார்.

இரண்டாவது, வைத்தியசாலை. எங்களுக்குக் கிட்ட இருப்பது களுபோவில போதனா வைத்தியசாலை. பொரளையில் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. சிறுபிள்ளை வைத்தியர் பார்த்துவிட்டு காதுச் சோதனை, பேச்சுச் சிகிச்சை, உடற்பயிற்சிச் சிகிச்சை, சிறுவர் மனநலக் கிளினிக் என்று தேவையான பக்கம் எழுதித் தருவார். ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்து ஆயதி என்ற தேசிய நிலையம் 2020இல் திறக்கப்பட்டது. விசேட தேவையுடைய பிள்ளைகளுக்குப் பல சிகிச்சைகளை ஒரே கூரையின் கீழ் இலவசமாகத் தரும் இடம் அது. எங்கள் சமூகத்தில் அதன் பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு.

மூன்றாவது, பிரதேச செயலகம். அங்கே சமூக சேவைகள் உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். குறைந்த வருமானக் குடும்பத்தில் உள்ள விசேட தேவையுடையவர்களுக்கு மாதாந்தக் கொடுப்பனவு இருக்கிறது. 2025ஆம் ஆண்டு பாதீட்டோடு அது 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாகக் கூட்டப்பட்டது. எல்லோருக்கும் உடனே கிடைக்கும் என்று சொல்லவில்லை. தெரிவும் உண்டு, காத்திருப்பும் உண்டு. ஆனால் விண்ணப்பிக்காதவருக்கு நிச்சயமாகக் கிடைக்காது. சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி போன்ற உபகரணங்களுக்கான உதவியையும் அங்கேதான் கேட்க வேண்டும்.

நான்காவது, பாடசாலை. இது எங்கள் துறை, அதனால் தெளிவாகச் சொல்கிறோம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, அங்கவீனமுற்ற ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின்படி, அந்தக் காரணத்துக்காக ஒரு பிள்ளைக்குப் பாடசாலை அனுமதியில் பாரபட்சம் காட்ட முடியாது. ஐந்து முதல் பதினாறு வயது வரை கட்டாயக் கல்வி என்ற விதியில் "விசேட தேவையுடையவர் நீங்கலாக" என்று எங்கேயும் இல்லை. உங்கள் பிள்ளைக்குச் சாதாரண வகுப்பா, விசேட கல்வி அலகு உள்ள பாடசாலையா, விசேட பாடசாலையா பொருத்தம் என்பதை வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரோடு பேசலாம். பரீட்சை என்று வரும்போது மேலதிக நேரம், வாசித்துச் சொல்ல ஒருவர், எழுதித் தர ஒருவர் என்று பரீட்சைத் திணைக்களம் வசதி தருகிறது. அதற்கு வைத்திய அறிக்கையோடு முன்கூட்டியே அதிபர் ஊடாக விண்ணப்பிக்க வேண்டும். பரீட்சைக்கு முதல் வாரம் ஓடி வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இவ்வளவு வழி இருந்தும் பிள்ளைகள் ஏன் போய்ச் சேரவில்லை?

இரத்மலானையிலிருந்து ராகமைக்கு ஒரு தாய் போவதை நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 28 கிலோமீற்றர். காலையில் ஒஃபீஸ் டிரெயினில் மருதானை வரை நெரிசல். சத்தத்துக்குப் பயப்படும் பிள்ளை கத்துகிறது. பெட்டியில் இருக்கும் எல்லோரும் தாயைப் பார்க்கிறார்கள், வளர்க்கத் தெரியாதவள் என்பதைப் போல. மருதானையில் படி ஏறி, மேடை மாறி, அடுத்த டிரெயின். நடக்க முடியாத ஏழு வயதுப் பிள்ளை என்றால் இடுப்பில் தூக்கிக்கொண்டு. முச்சக்கர வண்டியில் போனால் வாப்பாவின் நாட்கூலி அங்கேயே முடிந்துவிடும். போய்ச் சேர்ந்தால் படிவம் சிங்களத்தில். வைத்தியர் சொல்வது பாதி விளங்குகிறது, மீதிப் பாதிக்குத் தலையாட்டுகிறார். வீட்டுக்கு வந்து என்ன சொன்னார்கள் என்று மாமி கேட்டால் சொல்லத் தெரியவில்லை. "இதுக்கா ஒரு நாள் முழுக்கப் போன?" என்று ஒரு பேச்சு. அடுத்த கிளினிக் திகதி கார்டில் இருக்கிறது, ஆள் போவதில்லை.

சேவை இல்லாததால் அந்தப் பிள்ளையின் சிகிச்சை நிற்கவில்லை. தாய் தனியாகப் போனதால் நின்றது.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். விசேட தேவையுடைய பிள்ளைகளின் குடும்பங்களுக்கு எங்கள் ஊர் இப்போது செய்ய வேண்டிய முதல் உதவி பணம் அல்ல. கூடப் போக ஒரு ஆள்.

எங்கள் ஊர் மக்கள் கொடுக்காதவர்கள் இல்லை. ரமழானில் உலருணவு, வருடத்துக்கு ஒருமுறை சக்கர நாற்காலி, நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள். அல்லாஹ் கபூல் செய்யட்டும். ஆனால் அளவு பார்க்காமல் கொடுத்த சக்கர நாற்காலியில் வளரும் பிள்ளையின் முதுகு வளைந்துவிடும் என்று சிகிச்சையாளர்கள் சொல்வார்கள். நாற்காலி கொடுப்பதற்கு முன்னால் பிள்ளையைச் சிகிச்சையாளரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. கொடுத்துப் படம் எடுக்க ஒரு மணித்தியாலம் போதும். கூட்டிக்கொண்டு போக ஒரு நாள் வேண்டும். எங்களிடம் கேட்கப்படுவது அந்த ஒரு நாள்தான்.

சிலர் கேட்பார்கள்: "இது அரசாங்கத்தின் வேலை இல்லையா? பள்ளிவாசலும் ஊராரும் ஏன் சுமக்க வேண்டும்?" நியாயமான கேள்வி. அரசாங்கத்தின் வேலைதான். ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் அங்கீகரித்தது. தமிழில் அரச அலுவலகத்தோடு தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. இவற்றைக் கேட்டு வாங்கத்தான் வேண்டும். ஆனால் யார் கேட்பது? இரவு முழுக்கத் தூங்காத தாய், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கியூவில் நின்று, தனக்குச் சரியாக வராத மொழியில் சட்டம் பேசுவாரா? கூட இரண்டு பேர் நின்றால் "தமிழ்ப் படிவம் தாங்க" என்று கேட்கலாம். கிடைக்காவிட்டால் எழுத்தில் முறையிடலாம். கூடப் போவதனால் அரசாங்கத்தின் பொறுப்பு குறையாது. அது வீட்டு வாசலுக்கு வந்து சேரும்.

நாங்கள் நினைக்கும் ஏற்பாடு பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. கட்டடம் வேண்டாம், பெயர்ப்பலகை வேண்டாம்.

ஒவ்வொரு ஜமாஅத்திலும் இரண்டு பேர், ஒரு ஆணும் ஒரு பெண்ணும். சிங்களம் நன்றாகப் பேசத் தெரிந்தவர்களாக இருந்தால் நல்லது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வைத்தியசாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள், ஏ.எல். முடித்துவிட்டு ரிசல்ட்ஸ் வரும்வரை இருக்கும் பிள்ளைகள், எங்கள் ஊரில் இப்படி எத்தனை பேர்! மாதத்தில் ஒரு நாள், ஒரு குறித்த நேரத்தில், அவர்கள் ஓரிடத்தில் இருக்க வேண்டும். பெண்கள் தயக்கமில்லாமல் வரக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். அவர்கள் கையில் ஒரு கொப்பி. எந்தக் கிளினிக் எந்தக் கிழமை, எந்தக் கந்தோரில் என்ன ஆவணம் கேட்கிறார்கள் என்பதெல்லாம் அதில் தமிழில் இருக்க வேண்டும். ஒரு குடும்பம் போய்வந்து சொல்லும் தகவல் அடுத்த குடும்பத்துக்கு உதவும்.

கிளினிக் நாளில் கூடப் போக ஒரு பட்டியல். வாகனம் உள்ளவர்கள் மாதத்தில் ஒரு காலைப்பொழுதைத் தரலாம். ஸகாத் நிதியிலிருந்து பயணச் செலவு கொடுக்கலாமா என்பதை உலமாக்களிடம் கேட்டு முடிவெடுக்கலாம். வறிய குடும்பமாக இருந்தால் அதற்கு வழி இருக்கும் என்று நம்புகிறோம்.

அடுத்தது எங்கள் குர்ஆன் மத்ரஸாக்கள். காது கேட்காத பிள்ளைக்கு, ஓர் இடத்தில் இருக்க முடியாத பிள்ளைக்கு அங்கே இடம் உண்டா? பல இடங்களில் "வீட்டில வெச்சே ஓதிக் குடுங்க" என்று அன்பாகத் திருப்பி அனுப்புகிறார்கள். அன்பாகச் சொன்னாலும் அது திருப்பி அனுப்புவதுதான். வாரத்தில் ஒரு மணித்தியாலம், தனியாக ஓர் உஸ்தாத், இரண்டு மூன்று பிள்ளைகள் என்று தொடங்கலாம். ஹாஜியார்மார் ஒரு சம்பளத்தைப் பொறுப்பெடுத்தால் போதும்.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களை எங்களுக்குத் தெரியும். கண் பார்வை இல்லாத ஸஹாபி. அவர் விடயமாகத்தான் சூரா அபஸவின் ஆரம்ப வசனங்கள் இறங்கின. அவர் மதீனாவில் பாங்கு சொன்னார். நபி (ஸல்) அவர்கள் வெளியே போனபோது மதீனாவில் அவரைப் பொறுப்பாக விட்டுச் சென்றிருக்கிறார்கள். பரிதாபப்பட்டு மூலையில் உட்கார வைக்கவில்லை, பொறுப்புக் கொடுத்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் கேட்பதும் அந்த இடத்தைத்தான்.

இனி பெற்றோருக்குச் சில வார்த்தை.

காத்திருக்க வேண்டாம். காது விஷயத்தில் உலகம் முழுக்க வைத்தியர்கள் சொல்லும் கணக்கு ஒன்று இருக்கிறது: ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சையோ கருவியோ. மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் காலம் முதல் சில வருடங்கள்தான் என்பதால் இந்த அவசரம். அந்தக் காலம் தாண்டியிருந்தாலும் மனம் உடைய வேண்டாம். ஐந்து வயதில் தொடங்கினாலும் ஆறு வயதில் தொடங்குவதைவிட நல்லது.

வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்த வேண்டாம். தமிழும் சிங்களமும் கேட்டுக் குழம்பித்தான் பிள்ளை பேசவில்லை என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு நின்றுபோவதில்லை. தாய்க்கு எந்த மொழி சரளமோ அதில்தான் பிள்ளையோடு அதிகமாகப் பேச முடியும்.

எல்லாக் கடிதத்தையும் ஒரே ஃபைலில் வையுங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், வளர்ச்சிப் பதிவேடு, கிளினிக் புத்தகம், வைத்திய அறிக்கை, கிராம உத்தியோகத்தரின் கடிதம். ஒவ்வொன்றிலும் மூன்று போட்டோக் கொப்பி. எந்தக் கந்தோருக்குப் போனாலும் அந்த ஃபைலோடு போங்கள்.

பிள்ளையின் வாப்பாமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாதத்தில் ஒரு கிளினிக்குக்காவது நீங்களும் போங்கள். சிகிச்சையாளர் சொல்லித் தரும் பயிற்சியை வீட்டில் தினமும் செய்தால்தான் பலன். உம்மா மட்டும் கற்றுக்கொண்டு வந்து உம்மா மட்டும் செய்தால் அவர் ஒரு வருடத்தில் களைத்துப்போவார்.

அயலவர்களே, உறவினர்களே, அந்தத் தாயிடம் "என்ன பாவம் செஞ்சியோ" என்ற தொனியில் எதுவும் கேட்காதீர்கள். "அடுத்த கிளினிக் எப்ப? நானும் வாறேன்" என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எந்த வைத்தியசாலையில் எந்தக் கிழமை தமிழ் பேசும் சிகிச்சையாளர் இருக்கிறார், எந்தப் பாடசாலையில் தமிழ் மொழிமூல விசேட கல்வி அலகு இயங்குகிறது என்று நேரடியாகத் தெரிந்தவர்கள் கொமண்டில் எழுதுங்கள். கேள்விப்பட்டதை வேண்டாம், போய்வந்ததை எழுதுங்கள். கூடப் போக முன்வருபவர்கள் உங்கள் ஜமாஅத்தின் பெயரோடு இன்பொக்ஸில் அறிவியுங்கள். பிள்ளைகளின் பெயரையோ படத்தையோ வைத்திய அறிக்கையையோ யாரும் இங்கே பகிர வேண்டாம். அவர்களுக்கும் மானம் உண்டு, நாளை இதை அவர்களே வாசிக்கவும் கூடும்.

வார்த்தைகளை ஏற்றுக்கொண்டு செயலாக்க அல்லாஹ் எங்கள் எல்லோருக்கும் அருள் செய்வானாக. வஸ்ஸலாம்.